வெள்ளிக்கிழமைக் கூட்டமும் வாயு மூலையும்

எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. நாலு பேர் உட்கார்ந்து பேசினால் அதில் மூன்று பேர் பேசுவது வீண் என்று நினைக்கிற சுபாவம். நாலாவது ஆள் பேசுவதும் பெரும்பாலும் வீண்தான். அப்படிப்பட்டவளிடம் ஒரு சங்கத்தின் கூட்டங்களை ஏற்பாடு செய்கிற வேலை வந்து சேர்ந்தது. வருஷக்கணக்கில் அதைச் செய்தேன். சந்தோஷமாகவே செய்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சி பாலக்கரையில், ஓடு வேய்ந்த ஒரு பழைய கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். விவசாயிகளுக்கு விதையும் உரமும் மருந்தடிக்கிற பம்பும் விற்கிற கூட்டுறவுச் சங்கம் அது. தொட்டியத்திலும் துறையூரிலும் மண்ணச்சநல்லூரிலும் கிளைகள். நான் டைப்பிஸ்ட். சர்க்குலர் அடிப்பது, கடிதங்களுக்குப் பதில் போடுவது, கூட்டம் நடந்தால் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. கூட்டத்துக்கு நாற்காலி போடுவது யார் வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அதுவும் என் வேலையாயிற்று.

மேனேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர். உத்தர வீதியில் வீடு. நெற்றியில் திருமண், மேலே கோட்டு, கையில் குடை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வெள்ளிக்கிழமையில் கிளைக்காரர்கள் மூவரையும் வரவழைத்துக் கூட்டம் போடுவார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், தாயாரைச் சேவித்துவிட்டு வந்தால் காரியம் ஜெயமாகும் என்பது அவர் நம்பிக்கை. நம்பிக்கையில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம், அதுதான் தொல்லை.

கூட்டம் பத்து மணிக்கு என்று சர்க்குலரில் இருக்கும். பத்தரைக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டால் தோஷமில்லையாம், ராகு காலத்திலும் தொடரலாமாம். ஆனால் துறையூர் பஸ் ஒரு நாளும் பத்தரைக்கு முன்னால் வந்து சேர்ந்ததில்லை. துறையூர்க்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழையும்போது மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். "சரி, பன்னெண்டுக்கு ஆரம்பிச்சுக்கலாம்" என்பார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஊர்க்கதை. காவிரியில் தண்ணீர் எப்போது வரும், பூவன் தார் என்ன விலை போகிறது, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பன்னிரண்டுக்குக் கூட்டம் ஆரம்பமாகும். போன கூட்டத்து மினிட்ஸை நான் படித்து முடிப்பதற்குள் சாப்பாட்டுக் கேரியர் வந்துவிடும். சாப்பிட்ட பிறகு மண்ணச்சநல்லூர்க்காரருக்குக் கண் சொருகும். மூன்று மணிக்குத் துறையூர்க்காரர் பஸ்ஸுக்குக் கிளம்புவார். மிச்சமிருப்பதெல்லாம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும். "ஒத்திவைக்கப்பட்டது" என்ற வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அளவுக்கு எனக்குப் பழகிப்போயிருந்தது.

கிழமையை மாற்றலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். செவ்வாய் வெறுவாய் என்றார் தொட்டியத்துக்காரர். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எங்களுக்குப் புதன் கிடைக்கவே இல்லை, அன்றைக்குத்தான் கிளைகளுக்கு உர லாரி போகும். திங்களும் வியாழனும் கிளைகளில் சந்தை நாள், சனிக்கிழமை அரை நாள். கடைசியில் வெள்ளிக்கிழமையே நிலைத்தது. நாங்கள் வேதக்காரர்கள், எங்கள் வீட்டில் ராகு காலம் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் அம்மா மாமிசத்தைக் கையால் தொடமாட்டாள். ஆகவே வெள்ளிக்கிழமை விஷயத்தில் அடுத்த வீட்டாரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு நாள் அவர்கள் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்த நேரத்தில் நான் மூலையில் உட்கார்ந்து பழைய மினிட்ஸைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். காது சும்மா இருக்குமா. மண்ணச்சநல்லூர்க்காரர் தன் கிளையில் தேங்கிப்போன விதை நெல்லைப் பற்றி மனம் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். துறையூர்க்காரர் தமக்கு அந்த ரகம் போதவில்லை என்றார். அங்கே மிச்சம், இங்கே பற்றாக்குறை. அரை நிமிஷத்தில் தீருகிற விஷயம். ஆனால் பன்னிரண்டு அடித்துக் கூட்டம் ஆரம்பமானதும் இரண்டு பேரும் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, "எங்க கிளையில எல்லாம் சரியாத்தான் இருக்குங்க" என்றார்கள். முடிவு எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தால்தான் மனிதன் உள்ளதைச் சொல்வான் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

மறுநாள் மேனேஜரிடம் போனேன்.

"சார், ராகு காலத்துல பேசலாமா?"

"பேசறதுக்கு என்ன தோஷம்? தாராளமாப் பேசலாம்."

"ஸ்டாக் கணக்கு பாக்கலாமா?"

"பார்க்கலாம். புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கப்படாது. கையெழுத்துப் போடப்படாது. அவ்வளவுதான்."

அது போதும் எனக்கு. அடுத்த அஜெண்டாவை இரண்டாகப் பிரித்து அடித்தேன். மேலே 'பேச வேண்டியவை', கீழே 'முடிவு செய்ய வேண்டியவை'. மேலே இருப்பது பன்னிரண்டு வரை. கீழே இருப்பது பன்னிரண்டுக்கு மேல். எதை எழுதினாலும் ஒரே ஒரு கேள்வியாக எழுதினேன். 'விதை நெல் நிலவரம்' என்று எழுதினால் ஆளாளுக்கு ஒரு நிலவரம் சொல்வார்கள். 'மண்ணச்சநல்லூர் விதை நெல்லைத் துறையூருக்கு எப்போது அனுப்புவது' என்று எழுதினால் தேதி சொல்லித்தான் ஆக வேண்டும். சர்க்குலரை ஒரு வாரம் முன்னதாகவே தபாலில் சேர்த்தேன். துறையூர்க்காரரையும் மண்ணச்சநல்லூர்க்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை; இருவரும் தூரத்து உறவு, சேர்ந்துவிட்டால் குடும்ப வழக்கு ஆரம்பமாகிவிடும். காபி பதினொரு மணிக்கு முன்னால் கிடையாது.

பலித்தது. பேச வேண்டியதை ராகு காலத்தில் ஆற அமரப் பேசித் தீர்த்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் வயிற்றில் பசி. மளமளவென்று முடிவு செய்தார்கள். கேரியர் வரும்போது மேஜை காலியாக இருந்தது. மூன்றாவது கூட்டத்தில் துறையூர்க்காரர் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறி, வெயில் தாழ்வதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தாராம். "உங்க புண்ணியத்துல என் பொண்டாட்டி மூஞ்சிய வெளிச்சத்துல பாத்தேன்மா" என்றார். ராகு காலத்துக்கு வேலை கொடுத்த பெண் என்று என்னை ஆபீசில் கிண்டல் செய்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதில் மேனேஜருக்கு ஒரே ஒரு குறை. பதினொரு மணிக்கு ஓட்டலிலிருந்து தூக்கில் காபி வரும். டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுப்பார்கள். என் பக்கம் வந்ததும் நான் டம்ளரைக் கையால் மூடிக்கொள்வேன்.

"ஏம்மா, நீ மட்டும் சாப்பிடலையா?"

"பழக்கம் இல்ல சார்."

ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். ஒவ்வொரு தரமும் அதையே சொல்வேன். வெளியிலிருந்து யாராவது வந்தால், "ரொம்ப நெறியான பொண்ணு, காபியைக்கூடத் தொடறதில்லை" என்று சொல்லி வைப்பார்.

நெறியும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டில் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், சாயங்காலம் வீடு திரும்பியதும் இரண்டு டம்ளர் குடிக்கிற ஜென்மம் நான். ஆபீசில் குடிக்காததற்குக் காரணம் வேறு. அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை.

ஆண்களுக்கு இருந்தது. கிணற்றடிக்கு அப்பால், தகரக் கதவு போட்டு ஒன்று. மூட்டை தூக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள், உரம் வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் அதுதான். தாழ்ப்பாள் கிடையாது. கதவு இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆபீசில் பெண் பிள்ளைகள் இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி விதைப் பிரிவில் விதையைச் சலித்துப் பொட்டலம் கட்டுகிற அக்கா. உறையூரிலிருந்து நடந்து வருவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எதைச் சொன்னாலும் சிரிப்பாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது குடித்த தண்ணீரோடு சரி, சாயங்காலம் வரை இருவர் வாயிலும் ஒரு சொட்டு இறங்காது.

முதலில் எங்களுக்கு ஒரு வழி இருந்தது. கோயிலுக்குப் பின்னால், அதாவது எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால், என் சித்தி வீடு. மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் நானும் அக்காவும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவோம். சித்தி வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை. பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பாள். அக்கா திரும்பும்போது, "உங்க சித்தி நல்லாருக்கணும்" என்று தினமும் வாழ்த்துவாள். வேறு எதற்கும் யாரும் அவ்வளவு மனசார வாழ்த்தி நான் கேட்டதில்லை.

பிறகு சித்தப்பாவுக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குச் சின்ன வயது, சமாளித்தேன். அக்காவால் முடியவில்லை. நீர்க்கடுப்பு வந்தது. விதைச் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகக் குந்திக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். திரும்பி வரும் வழியில் அவள் சிரிக்கவில்லை.

"டாக்டரம்மா நெறையத் தண்ணி குடிங்கறாங்க. குடிச்சா எங்க போறது, நீயே சொல்லு. பங்குனியோட நின்னுக்கலாம்னு இருக்கேன்."

"வீட்டுல என்னக்கா பண்ணுவீங்க?"

"பாக்கலாம். இப்படியே இருந்தா ஆளே இருக்க மாட்டேன் போலருக்கு."

அவள் வீட்டுக்காரர் பட்டறையில் கை நசுங்கி வீட்டோடு இருந்தார். அவள் கொண்டுபோகிற சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அன்று எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கூட்டம் போட்டுப் பம்பு மூடி தொலைந்ததைப் பற்றிக்கூடப் பேசுகிறவர்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்பதுதான் என் கோபம். அப்புறம் யோசித்தேன். அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அஜெண்டா அடிக்கிறவள் நான்தானே.

அடுத்த கூட்டத்துக்கு அஜெண்டாவின் கடைசியில் 'இதர விஷயங்கள்' என்பதற்குக் கீழே 'பெண் ஊழியர்களுக்கு வசதி' என்று அடித்தேன். அதற்கு மேல் அடிக்க விரல் வரவில்லை. பன்னிரண்டரைக்குக் கிட்டத்தில் மேனேஜர் அதைப் படித்தார்.

"என்னம்மா வசதி?"

"பின்பக்கமா, எங்களுக்குன்னு தனியா ஒண்ணு கட்டணும் சார்."

தொட்டியத்துக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். மண்ணச்சநல்லூர்க்காரர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். துறையூர்க்காரர் பஸ் டிக்கெட்டைத் தேடினார். மேனேஜருக்குக் காது சிவந்துவிட்டது. "அடுத்த கூட்டத்துல பரிசீலிக்கலாமே" என்றார். நானும் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த கூட்டத்திலும் அதே கதி. அதற்கடுத்ததிலும் அதே. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது விஷயம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண்ணின் முன்னால் அந்தப் பேச்சைப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைத்த நல்லவர்கள். அவர்கள் காட்டிய மரியாதையில் அக்காவுக்கு வயிறு எரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் மண்ணச்சநல்லூர்க் கிடங்கின் கதவு விவகாரம் வந்தது. கிடங்குக்குப் புதிதாக ஒரு கதவு வைக்க வேண்டும் என்று கிளைக்காரர் எழுதியிருந்தார். நான் என் வழக்கப்படி ஒரே கேள்வியாக, 'புதுக் கதவு கிழக்கிலா, வடக்கிலா' என்று அடித்துவிட்டேன். ராகு காலம் பூராவும் அதுதான் பேச்சு. கிழக்கு பார்த்தால் சூரியன், வடக்கு பார்த்தால் குபேரன் என்று மூன்று கிளையும் மனை சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்களாக மாறிவிட்டார்கள். மேனேஜர் தன் பங்குக்கு ஒரு ஸ்லோகம் சொன்னார். பன்னிரண்டு அடித்ததும் வடக்கு என்று முடிவாயிற்று. கதவும் வைத்தாயிற்று. அந்தக் கிடங்குக்கு ஏற்கெனவே இரண்டு கதவு இருக்கிறது, மூன்றாவது எதற்கு என்று பிறகுதான் ஒருவர் கேட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. நம் மனிதர்களிடம் 'வேண்டுமா' என்று கேட்டால் யோசிப்பார்கள், ஒத்திவைப்பார்கள். 'எங்கே வைக்கலாம்' என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த அஜெண்டாவில் 'இதர விஷயங்கள்' என்பதையே எடுத்துவிட்டேன். பேச வேண்டியவற்றில் முதலாவதாக, ஒளிவு மறைவு இல்லாமல் இப்படி அடித்தேன்: 'பெண் ஊழியர் கழிப்பறை: ஆபீஸ் மனையின் எந்த மூலையில் அமைப்பது.' முடிவு செய்ய வேண்டியவற்றிலும் அதையே முதலாவதாக அடித்தேன். மேனேஜரிடம் கையெழுத்துக்கு வைத்தேன். அவர் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார். "ஈசானிய மூலையிலே மட்டும் வரப்படாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். தொட்டியத்துக்காரர் வரும்போதே ஊரில் மனையடி பார்க்கிற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்தார். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கன்னி மூலை கூடவே கூடாதுங்க. சங்கம் படுத்துடும்."

"கன்னி மூலைய யார் கேட்டா?" என்றார் துறையூர்க்காரர். "வடமேக்கு, வாயு மூலைதான் இதுக்குன்னே உள்ளது."

"வாயு மூலையில உர மூட்டை இருக்கேங்க. தெக்கால போட்டா என்ன?" என்றார் மண்ணச்சநல்லூர்க்காரர்.

"தெக்கு எமன் திசை. பொம்பளைங்க போற எடம்."

போன கூட்டம் வரை மரியாதைக்காக மின்விசிறியைப் பார்த்தவர்கள் இவர்கள்தான். சாஸ்திரம் என்று வந்ததும் கூச்சம் பறந்துவிட்டது. காபி வந்தது. மேனேஜர் என்னிடம் கேட்டார், நான் பழக்கம் இல்லை என்றேன். பேச்சு தொடர்ந்தது. மண்ணச்சநல்லூர்க்காரர் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று எழுந்தார். வெயிலில் எல்லாரும் பின்பக்கம் போனார்கள். மேனேஜர் குடை பிடித்துக்கொண்டார். ஒருவர் மூங்கில் கழியால் அளக்கப் போனார். "ராகு காலத்துல அளக்கலாமா சார்?" என்று கேட்டார் தொட்டியத்துக்காரர். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்து, "அளக்கலாம். தோண்டப்படாது" என்றார். விதைப் பிரிவு ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. நாலு ஆம்பிளைகள் வெயிலில் நின்று எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

ஆபீஸ் மதில் சுவருக்கு வாங்கி மிஞ்சிய செங்கல் அங்கேயே அடுக்கியிருந்தது. உர மூட்டைகளைக் கிழக்கே நகர்த்துவது, வாயு மூலையில் கட்டுவது, கதவு கிழக்கே பார்த்து, உள்ளே தாழ்ப்பாளோடு. எல்லாம் பேசியாயிற்று. உள்ளே வந்து உட்கார்ந்தோம். பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷங்களே பாக்கி. பழம் நழுவிப் பாலில் விழப் போகிறது என்று நான் மினிட் புக்கைத் திறந்து வைத்துக்கொண்டேன். அப்போது துறையூர்க்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு சந்தேகங்க. இது வேணும்னு நாம எந்தக் கூட்டத்துல முடிவு பண்ணோம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று கூட்டத்து மினிட்ஸ் என் கையிலேயே இருந்தது. மூன்றிலும் ஒத்திவைக்கப்பட்டது என்று என் கையெழுத்தே சொல்லும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்று நினைத்தேன். இன்னொரு ஒத்திவைப்பு என்றால் அக்கா வேலையை விட்டுப் போய்விடுவாள். என் சாமர்த்தியமெல்லாம் அதோடு தீர்ந்தது. எழுந்து நின்றேன்.

"எந்தக் கூட்டத்துலயும் முடிவாகல சார். நானும் விதைப் பிரிவு அக்காவும் காலையில வீட்ட விட்டுக் கிளம்பினா சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா போறதுக்கு எடம் இல்ல. அக்காவுக்கு அதனால உடம்பு கெட்டுப்போச்சு. வேலையை விடறேங்கறாங்க. எனக்குக் காபி பழக்கம் இல்லன்னு சொன்னது பொய் சார். நெறையக் குடிப்பேன். இங்க குடிக்க முடியாது, அதான்."

சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிடுமோ என்று பயந்து பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மேஜை மேல் அவர்கள் குடித்து வைத்த காபி டம்ளர்கள் அப்படியே இருந்தன. மேனேஜர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு தரமும் நானே கேட்டேனே" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

துறையூர்க்காரர் தொண்டையைச் செருமினார். "என் மூத்த பொண்ணு டீச்சரா இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பக்கூடக் கழட்டாம கொல்லைப்பக்கம் ஓடும். அப்படி என்ன அவசரம்னு நான் சத்தம் போட்டிருக்கேன்." மினிட் புக்கைக் காட்டினார். "எழுதுங்கம்மா. வாயு மூலை."

மேனேஜர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மினிட் புக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தொட்டியத்துக்காரர் கடிகாரத்தைக் காட்டி, "சார், ராகு காலம் இன்னும் முடியலைங்க" என்றார்.

"இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.

நான் புக்கின் மேல் கையை வைத்து மறைத்தேன். "வேண்டாம் சார். பன்னெண்டு அடிக்கட்டும். இதுல ஒரு தோஷமும் வேண்டாம்."

எங்கள் வீட்டில் ராகு காலம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கு நான் எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

காத்திருந்தோம். யாரும் ஊர்க்கதை பேசவில்லை. மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மேனேஜர் "ரங்கா, ரங்கா" என்று முணுமுணுத்தார். கையெழுத்துப் போட்டார். அடுத்தடுத்த விஷயங்களை அன்றைக்கு எவ்வளவு வேகமாக முடித்தோம் என்றால், கேரியர்க்காரன் வந்தபோது நாங்கள் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

மறுவாரமே கொத்தனார் வந்தார். மேனேஜர் நல்ல நேரம் பார்த்து முதல் மண்வெட்டி போடச் சொன்னார். கக்கூஸுக்குப் பூஜை போட்ட ஆபீஸ் திருச்சியில் அது ஒன்றாகத்தான் இருக்கும். தாழ்ப்பாளை மட்டும் நானே கடைத்தெருவுக்குப் போய், இருப்பதிலேயே கெட்டியானதாகப் பார்த்து வாங்கி வந்தேன். பங்குனி வந்தது, போயிற்று. அக்கா நிற்கவில்லை. விதைப் பிரிவில் அவள் பக்கத்தில் ஒரு மண்பானை வந்து உட்கார்ந்தது. போகும்போதும் வரும்போதும் ஒரு குவளை மொண்டு குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு திரும்பி வந்ததில் எனக்கு இருந்த நிறைவு, பிற்பாடு பதவி உயர்வு வந்தபோதுகூட இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் கூட்டங்கள் நடந்தன. பேச வேண்டியவை பன்னிரண்டுக்கு முன்னால், முடிவு செய்ய வேண்டியவை பன்னிரண்டுக்குப் பின்னால். ஒரு மாறுதல் மட்டும் செய்தேன். எந்த அஜெண்டாவிலும் 'இதர விஷயங்கள்' என்று அடிப்பதை விட்டுவிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தால் அதற்குப் பெயர் இருக்கும், அந்தப் பெயரை எழுதட்டும் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

கட்டி முடித்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினொரு மணிக்குத் தூக்கு வந்தது. துறையூர்க்காரர் ஏதோ பம்புக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் அன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தமக்கு வைத்த டம்ளரை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, கணக்கைக் கேட்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறிப்போன காபி. சிக்கரி தூக்கல், சர்க்கரை அதைவிடத் தூக்கல். இத்தனை நாள் இதைத்தான் குடித்துக்கொண்டு முடிவெடுத்தார்களா என்று அவர்கள்மேல் எனக்கு இரக்கமே வந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்து, இன்னொரு டம்ளர் கேட்டேன்.